அடையாறுக்கு இரண்டு நடை, இரண்டு கையிலும் ஊசி

எழுபதுகளின் பிற்பகுதி, ஒரு மே மாதம். தி.நகர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. தொடையில் உணர்ச்சியே இல்லாத ஒரு தேமல் வந்தது. தொழுநோய் என்றார்கள். அன்றிலிருந்து என் ஒரு வயது மகளை நான் தொடவில்லை. இப்படி ஆஸ்பத்திரிக்கு அலையப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலை 7.40க்குப் பனகல் பார்க்கில் பஸ் ஏறினேன். சைதாப்பேட்டை வழியாக அடையாறு ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம், டிக்கெட் முப்பத்தைந்து பைசா. டாக்டர் அம்மா இரண்டு முன்கைகளிலும் தோலுக்குள் ஊசி போட்டார். இடது கைக்கு, நோயாளிகளிடமிருந்து எடுத்த செத்த கிருமியில் செய்த மருந்து. வலது கைக்கு, உடம்பெல்லாம் ஓடு மூடிய ஏதோ அமெரிக்கப் பிராணியிடமிருந்து எடுத்தது. நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். புரிந்தது ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் இரண்டு இடமும் தடித்தன. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வலது கையில் தடிப்பு கொஞ்சம் சின்னது. அப்படியானால் பாதி பிழைத்தேனா? எந்தக் கையை நம்புவது? மனைவி செல்வி ஈரத்துணி வைத்துக் கட்டினாள். முதலில் என்னைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்த குழந்தை, அதற்குள் நீட்டுவதையே விட்டிருந்தாள். மொட்டைமாடிக்குப் போய் அழுதேன்.

திரும்பப் போன அன்று தடிப்பை மறைக்க முழுக்கைச் சட்டை.

"இன்னா நைனா, இந்த வெய்யில்ல முழுக்கை சட்ட மாட்டிகினு கீறே!" என்றார் கண்டக்டர். சிரித்து வைத்தேன்.

டாக்டர் அம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். "இடது எட்டு, வலது ஏழு மில்லிமீட்டர். ரொம்ப நல்லாருக்கு!"

"வீங்கியிருக்கேம்மா?"

"வீங்கணும். உங்க உடம்பு கிருமிய எதிர்க்குது."

"அப்ப எட்டு நல்லதா, ஏழு நல்லதாம்மா?"

"உங்களுக்கு மார்க் போடலைங்க! ரெண்டு மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்யுதான்னு பாக்கறோம்."

பரீட்சை எனக்கில்லை, மருந்துக்கு! அப்போதும் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"குழந்தையத் தூக்கலாமா?"

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வந்தது பரவாத வகை. முதல் நாளே தூக்கியிருக்கலாமே. தூக்காமலா இருந்தீங்க?"

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் சென்றால் வரிசை குறைவு. அரைக்கைச் சட்டை போதும். மனத்தில் இருக்கும் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குப் போய் மகளை வாரி எடுத்தேன். யாரோ அந்நியன் தூக்கிவிட்டான் என்று வீறிட்டு அழுதாள். அழுகை ஓய முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் இறக்கிவிடவில்லை.