முன்சக்கரமும் இரண்டு மூட்டை மணலும்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒன்பது வருடமாக நான் பார்க்கிற வேலை, காரின் முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு புள்ளி வைப்பது. ஆகவே முன்சக்கரம் இழுக்கிற கார்களைப் பற்றி, யாரும் கேட்காமலேயே பேசுவேன். நான் தினமும் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். அதைப் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. இதை யாரும் இதுவரை சுட்டிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்தியிருப்பேன்.

போன ஆவணியில் என் மனைவிக்கு நாட்றாம்பாளையத்துக்கு மாறுதல் வந்தது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பஸ் நேரம் பள்ளி நேரத்துக்கு ஒத்துவரவில்லை. அங்கே வேலை செய்யும் இன்னொரு டீச்சரின் அறையில் ஒரு கட்டில் போட இடம் இருந்தது. கார் வாங்கினால் தினமும் போய் வரலாம். இல்லையென்றால் திங்கள் முதல் வெள்ளி வரை அவள் அங்கே, நான் இங்கே. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

"ஒரு கார் வாங்கிப் பாப்பம். மொத மழைக்கு அஞ்செட்டி தாண்டி இருக்கற அந்த மேடு ஏறுச்சுன்னா வந்து போறன். ஏறலன்னா ரூமுக்குச் சரின்னு சொல்லிடறன்" என்றாள்.

அவள் அங்கே தங்குவதில் எனக்கு இஷ்டமில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் தலை ஆடிக்குக்கூட அவளை நான் அம்மா வீட்டுக்கு அதிக நாள் அனுப்பி வைத்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நான் சக்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

எதிர்க்கட்சி என் மச்சான், அவளுடைய அண்ணன். நாகரசம்பட்டியில் பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு மாம்பழக் கூழ் ஆலைக்கு லோடு அடிப்பவர். சிங்காரப்பேட்டையில் தெரிந்தவரிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, மலைக்கு அதுதான் லாயக்கு என்று வந்து உட்கார்ந்தார்.

"மாட்டை வண்டிக்கு முன்னாடிதானே கட்டுறோம் மச்சான்? இழுத்தாத்தான் ஒழுங்காப் போகும்" என்றேன்.

"மாடு சேத்துல நின்னுருச்சுன்னா நீங்க எறங்கி எங்க நின்னு தள்ளுவீங்க மாப்ள?"

"கார்ல என்ஜின் முன்னாடி இருக்கு. அந்தப் பாரம் முன்சக்கரத்து மேல. ஈரத்துல அதுதான் பிடிமானம்."

"மேடு ஏறும்போது பாரம் பின்னாடி சாயுமா, சாயாதா? நீங்க விருதுநகர்க்காரரு. மழைன்னா பேப்பர்ல படிச்சிருப்பீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்கு என்று ஒரே போடாகப் போட்டு, மறுவாரமே என்னோடு வேலை செய்பவரிடமிருந்து முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார் ஒன்றை வாங்கிவிட்டேன். மனைவி எங்கள் இருவரில் யாருக்கும் ஆதரவு தெரிவிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

மச்சான் தோற்றவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஆயுத பூஜைக்கு வந்தவர் இரண்டு மூட்டை மணலைத் தூக்கிக் காரின் டிக்கியில் வைத்தார். ஆலையில் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப்பில், மழை நாளில் பின்னால் மணல் மூட்டை போடுவது அவர்கள் பழக்கம். பாரம் இல்லாவிட்டால் பின்சக்கரம் ஆடும். "தங்கச்சி போற வண்டி. இருக்கட்டும்" என்றார்.

முன்சக்கரத்தின் மேல் பாரம் வேண்டும் என்று ஒரு மாதமாகத் தொண்டை வறளப் பேசியவன் நான். அந்த மூட்டைகள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஆனால் அவர் சொன்ன வண்டியை வேண்டாம் என்றாயிற்று, அன்பாகக் கொண்டுவந்த மணலையும் வேண்டாம் என்றால் மாப்பிள்ளைக்குத் திமிர் என்பார்கள். டிக்கியை நானே சாத்தினேன். உண்மையில், வண்டி கொஞ்சம் கனமாக இருந்தால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. ஒன்பது வருட அனுபவம்!

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நான் லீவு போட்டுவிட்டு, நிபுணர் என்ற முறையில், பக்கத்து சீட்டில் ஏறினேன். அஞ்செட்டி தாண்டி அந்த மேட்டு வளைவில் செம்மண் கரைந்து ரோட்டை மூடியிருந்தது. கார் பாதி ஏறியது. பிறகு முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. நான் இறங்கி, டிக்கி மேல் ஏறி உட்கார்ந்து, "இப்ப ஆக்சிலேட்டரைக் குடு!" என்று கத்தினேன். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது.

அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏங்க, நீங்க பண்ற ஷாஃப்டு எந்தச் சக்கரத்துக்கு?"

"முன்சக்கரத்துக்கு."

"அப்பறம் மூட்டையும் நீங்களும் ஏன் பின்னாடி?"

நான் இறங்கினேன். மழையில் நனைந்தபடி இரண்டு பேரும் மூட்டைகளை இழுத்துப் போட்டு, பிரித்து, மணலை முன்சக்கரத்துக்கு அடியில் கொட்டிப் பரப்பினோம். கார் ஒரு முறை உதறிவிட்டு ஏறியது. சரிவில் நிறுத்த முடியாமல் அவள் மேலே சமதளம் வரை போய்விட்டாள். நான் முழங்கால் வரை சேற்றோடு பின்னால் நடந்தேன். ஏறியதில் சந்தோஷம்தான். ஆனால் ஏறாமல் போயிருந்தால் அவள் போயிருப்பாள், நானும் சரியென்று தலையாட்டியிருப்பேன் என்ற நினைப்பும் கூடவே நடந்து வந்தது.

மேலே அவள் வைப்பரை ஓடவிட்டுக் காத்திருந்தாள்.

"ஏறிடுச்சு. இனி ரூம் வேணாம்ல?" என்றேன்.

"ஒரு மாசமா முன்னாடி இழுக்குமா, பின்னாடி தள்ளுமான்னு பேசுனீங்க. அங்க தங்காதன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா ரூம் பேச்சையே எடுத்திருக்க மாட்டன். சைக்கிள்ல போகணும்னாலும் வந்து போயிருப்பன்."

மழை என் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "தங்காத" என்றேன். வைப்பர் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கல" என்றாள்.

கேட்டிருந்தது. முகத்தில் தெரிந்தது. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.