பாடத்தின் முதல் நான்கு நிமிடங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு விசை பற்றிய பாடத்தை நான் ஒரு பொய்யில்தான் தொடங்குவேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

“தள்ளினால் பொருள் நகர்கிறது. தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ஆகவே, ஒன்று நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டும். சரிதானே?” என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் சரி என்று சொல்லும். பவானிபூர் தெருக்களில் சுமை ஏற்றிய தள்ளுவண்டிகளைத் தினமும் பார்த்து வரும் பிள்ளைகள். கையை எடுத்தால் வண்டி நிற்கிறது. அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

பிறகு சாய்வான பலகையிலிருந்து ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுவேன். கீழே முதலில் சாக்கு விரித்திருக்கும். குண்டு ஒரு முழம்கூடப் போகாது. சாக்கை எடுத்துவிட்டு சிமெண்ட் தரையில் உருட்டினால் இன்னும் தூரம் போகும். கண்ணாடிப் பலகையைப் போட்டால் அதையும் தாண்டி ஓடும். “குண்டை யாரும் தள்ளவில்லை. அப்படியானால் அதை நிறுத்தியது யார்?” சாக்கு, தரை என்று குரல்கள் வரும். “நிறுத்த யாருமே இல்லாவிட்டால்?” என்று கேட்பேன். ஓடுவதற்கு விசை தேவையில்லை, ஓட்டத்தை மாற்றுவதற்குத்தான் தேவை என்று யாராவது ஒரு பெண் மெதுவாகச் சொல்லுவாள். அந்தக் கணத்துக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை காலியானது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பிரின்ஸிபாலிடம் நான்தான் சொன்னேன். மதுரையில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வங்காளத்துக்கு வந்தவள். ஆசிரியர் அறையில் தமிழ் பேச எனக்கு அதுவரை ஆளே இல்லை. நான் இங்கேயே பிறந்தவள். என் தமிழில் பாதி வங்காளம். அவள் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பாள். மதியம் ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் ஒன்றாக கரியாஹாட் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கினோம். யாரைப் பற்றி வேண்டுமானாலும், யார் எதிரிலும், எங்கள் மொழியில் பேசிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

பள்ளி தனக்கென்று ஒரு செயலி தொடங்கியபோது, பாடங்களைப் படம் பிடித்து அதில் ஏற்றும் பொறுப்பு அவளுக்கு வந்தது. என் விசைப் பாடத்தையும் தன் போனில் எடுத்தாள். பதினான்கு நிமிடம். “சூப்பர்க்கா, கடைசியில எனக்கே புல்லரிச்சிருச்சு” என்றாள்.

அடுத்த வாரம் செயலியில் வந்தது நான்கு நிமிடம். நான் கேள்வி கேட்கிறேன், பிள்ளைகள் சரி என்கிறார்கள், பள்ளியின் சின்னம் வந்து படம் முடிகிறது. அன்று இரவு எட்டு மணிக்குள் ஒரு மாணவியின் அப்பா அதைப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். அவர் இன்ஜினியர். ‘இந்த டீச்சருக்கு அடிப்படையே தெரியவில்லையா?’ என்று கேட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

மறுநாள் காலை பிரின்ஸிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் குண்டு, சாக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “வீடியோ இவ்வளவுதானா?”

அவள் மேஜையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்: “மேடம் நடத்தினதைத்தான் போட்டேன் சார்.”

எனக்கு முதலில் அந்த வாக்கியம் புரியவே இல்லை. அவள் அடுத்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். முழுப் படம் எங்கே என்று கேட்டேன். போனில் இடமில்லாமல் அழித்துவிட்டதாகச் சொன்னாள், அதையும் ஆங்கிலத்திலேயே.

வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளும் சாட்சி. கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பதினான்கு வயதுப் பெண்களை வரிசையில் நிறுத்தி, தங்கள் டீச்சர் முட்டாள் இல்லை என்று சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘ஆசிரியையின் தவறுக்கு வருந்துகிறோம்’ என்று பள்ளி பெற்றோர் குழுவுக்கு எழுதியது. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு என்னிடமிருந்து போனது. ஐந்தாம் வகுப்புப் பொது அறிவியல் கிடைத்தது.

பிரின்ஸிபால் கூப்பிட்ட அன்று சாயங்காலமே கேட் அருகே அவளை நிறுத்தினேன்.

“ஏன் அப்படிச் சொன்னே?”

“நாலு நிமிஷத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கக்கா. மொத நாலு நிமிஷத்த வெட்டிப் போட்டுட்டேன். முழுசா பாக்கக்கூட இல்ல.”

“அது சரி. தப்பு எல்லாருக்கும் வரும். அதை உள்ள சொல்லியிருக்கலாமே?”

அவள் கண் கலங்கியது. “எனக்கு இன்னும் வேல நிரந்தரமாகலக்கா. என் மேல தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே அனுப்பிருவாங்க. ஒங்களுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். நீங்க தாங்கிருவீங்கன்னு நெனச்சேன்.”

கோபத்தில் பதில் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னது உண்மைதான், நான் தாங்கிக்கொண்டேன். ஆனால் அவள் பயந்துபோய் வாய் அடைத்து நிற்கவில்லை. இரண்டு பேரையும் மனதுக்குள் நிறுத்திப் பார்த்து, யாரை விடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். என் வீட்டுச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே என் பலத்தை அளந்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அது நியாயமில்லாமல் இருக்கலாம். இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த மார்ச் மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, எந்த விளக்கமும் இல்லாமல், என்னிடமே திரும்பி வந்தது. ஆசிரியர் அறையில் எங்கள் மேஜைகள் இப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான். காலை வணக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறோம்.

பூஜை விடுமுறைக்கு முன்பு ஒரு நாள் மெட்ரோவில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எதிர் இருக்கையிலிருந்து அவள் சட்டென்று எழுந்தாள்.

“அக்கா, உக்காருங்க.”

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ். எனக்குக் கால் வலித்துக்கொண்டிருந்தது.

“தாக்” என்றேன். இருக்கட்டும் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் வங்காளச் சொல். அவளும் திரும்ப உட்காரவில்லை. காலியாக இருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.