பாஷாவின் கோப்பையைக் குடித்தவர்

என் அக்காவின் கணவர் மிக்தாத் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜோர்டானில், ஸர்காவிலிருந்து தலைநகர் அம்மானுக்கு முப்பது வருடமாக மினிபஸ் ஓட்டுகிறார். ஓட்டுவது உட்கார்ந்துதானே என்று கேட்பீர்கள். அதை உட்கார்வது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கால் தாளம் போடும். ஒரு கை ஜன்னலுக்கு வெளியே போய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு கையில் காகிதக் கோப்பையில் காப்பி. ஸ்டீயரிங்கை எதால் பிடிக்கிறீர்கள் மச்சான் என்றால், "அதுக்கே வழி தெரியும் மாப்ளே" என்பார்.

அவருடைய மூத்த மகன் உபைதா சிவில் எஞ்சினியர். படிப்பு முடித்து நான்கு வருடம் ஆகியும் வேலை இல்லை. எங்கள் தெருவில் மட்டும் எஞ்சினியர்கள் ஏழு பேர் சும்மா இருக்கிறார்கள். இடிந்த மதில் ஒன்றைக் கட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் உபைதா வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு, பெர்மிட் இல்லாமல், செல்போனில் சவாரி பிடித்து ஓட்டினான். பெட்ரோல் விலை ஏற ஏற அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அப்படியிருக்கையில் ஓமானில், ஸலாலாவில், ஒரு கட்டுமானக் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை மாலை விமானம். அன்று ஏறாவிட்டால் அடுத்த ஆளை அனுப்புவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா மூன்று வாரம் முன்பே பெட்டி கட்டிவிட்டாள். பெட்டி கட்டிய மறுநாள்தான் ருஸைஃபா சாலையில் உபைதாவின் கார் ஒரு வாலிபனை மோதித் தள்ளியது. முத்லக் என்று பெயர், சுவர்ப் பூச்சு வேலைக்காரன். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். உபைதாவைப் போலீஸ் உள்ளே வைத்தது.

புகார் இல்லை என்று முத்லக்கின் வீட்டார் எழுதிக் கொடுத்தால்தான் அவன் சீக்கிரம் வெளியே வருவான். அதைக் கேட்க நாமே போய்க் கதவைத் தட்ட முடியாது. பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். போய் உட்கார்ந்ததும் கூட்டத்தின் தலைவர் முன்னால் முதல் கோப்பைக் காப்பியை வைப்பார்கள். கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லும்வரை அதைத் தொடக் கூடாது. தொட்டால், கேட்க வந்ததைக் கைவிட்டதாக அர்த்தம்.

தலைவராக நாயிஃப் பாஷாவைப் பிடித்தோம். போலீஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்; பாஷா என்பது அந்தப் பதவிக்கு வந்த பட்டம். அந்த மாதம் நகராட்சித் தேர்தலில் நின்றிருந்தார். கல்யாணமோ சாவோ சமாதானமோ, நாலு பேர் கூடும் இடம் எதையும் விடுவதில்லை என்ற முடிவில் இருந்தார்.

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்து முப்பது பேர் போனோம். முத்லக்கின் தந்தை அபூ முத்லக் ரொட்டி சுடும் வேலை செய்பவர், ஒல்லியான மனிதர். வாசலில் தெருவை மறித்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். காப்பி ஊற்றுபவர் முதல் கோப்பையை நீட்டினார். பாஷா அதை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி, தனக்கும் மிக்தாத்துக்கும் நடுவில் இருந்த முக்காலியில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

ஆரம்பித்தது தெரியும், முடிவதாகத் தெரியவில்லை. குலப்பெருமை பேசினார். மன்னிப்பின் மகிமை பேசினார். சாலைகளில் விளக்கு இல்லாததைப் பற்றியும், அதைச் சரிசெய்யக்கூடியவர் யார் என்பதைப் பற்றியும் பேசினார். அடிபட்டவனை இரண்டு முறை "முஸ்லிஹ்" என்றார். அவருடைய ஆள் ஒருவன் எதிரே நின்று எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் மிக்தாத்தைப் பார்த்தேன். இரண்டு காலும் ஆடிக்கொண்டிருந்தன. கண் தரையில் இருந்தது. இரண்டு வாரமாகத் தூங்காத மனிதர். பிள்ளை உள்ளே கிடக்கிறான், இன்னும் ஆறே நாள். கை தானாக முக்காலிக்குப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் கோப்பை வாய்க்குப் போய்விட்டது. குடித்ததோடு விட்டாரா? போதும் என்பதற்கு நாங்கள் செய்வதுபோல வெறும் கோப்பையை இரண்டு ஆட்டு ஆட்டி, ஊற்றுபவரிடம் நீட்டிவிட்டார்.

பாஷாவின் பேச்சு பாதியில் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"என்ன காரியம்யா பண்ணின?" என்றார் பாஷா.

மிக்தாத் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "நானா?" என்றார்.

"இல்ல, எங்க தாத்தா! எரநூறு வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன், இப்பிடி ஒருத்தன் என் மூஞ்சியில கரியப் பூசினதில்ல. ஏய், அந்த வீடியோவ அழிச்சுத் தொலைடா!"

பாஷா எழுந்தார். அவர் பின்னால் இருபத்தைந்து பேர் எழுந்து போனார்கள். நாங்கள் நாலைந்து பேர், எழுவதா இருப்பதா என்று தெரியாமல் மிஞ்சினோம். எனக்கு மச்சானின் கழுத்தை நெரிக்கவேண்டும் போல இருந்தது.

அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத அபூ முத்லக் தன் நாற்காலியை இழுத்து மிக்தாத்தின் எதிரே போட்டார். "போறவங்க போகட்டும். குடிச்சவர் உக்காருங்க."

"ஐயா, நான் குடிச்சிட்டேன். இனிமே கேக்க எனக்கு வாயில்ல."

"அப்ப நான் கேக்கறேன். உங்க பையனுக்கு என்னைக்குப் பிளேன்?"

"வியாழக்கெழமை. பதினெட்டு."

"எம் பையனுக்கு ஒன்னாந்தேதி இருந்துச்சு. தோஹாவுல பூச்சு வேலை. கால் ஒடைஞ்சதும் வேற ஆளை எடுத்துட்டாங்க."

முப்பது பேர் வந்தோம். எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. ஒருவரும் கேட்கவும் இல்லை.

"நாளான்னைக்கு ஆபீஸ் தெறந்ததும் எழுதிக் குடுக்கறேன்," என்றார் அபூ முத்லக். "உங்க பையன் ஜெயில்ல கெடந்தா எம் பையன் எலும்பு கூடிடாது. ஆனா ஒன்னு. இவன் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் உங்க பையன் பிளேன் ஏறக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு அவந்தான் கூட்டிட்டுப் போகணும், கூட்டிட்டு வரணும்."

மிக்தாத்தின் காலாட்டம் நின்றது. நான் அவர் தொடையைக் கிள்ளினேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்திருக்கலாம், இரண்டு வாரம் என்று பேரம் பேசியிருக்கலாம். மனிதர் அபூ முத்லக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். "என் வாக்கு."

திரும்பி வரும்போது காரில் கத்தினேன். "கொஞ்சமாவது பேசிப் பாத்திருக்கக் கூடாதா மச்சான்?"

"எதை வச்சுப் பேசச் சொல்ற? அவங்க பையன் காலை வச்சா?"

எங்கள் ஊரில் வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை மதியம் உபைதா வெளியே வந்தான். தாடியும் மீசையுமாக வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "இன்னைக்குத் தேதி என்னப்பா?" பதினாலு என்றதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மிக்தாத் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"நாலு வருஷம்ப்பா," என்றான் உபைதா. "என் வாழ்க்கையத் தூக்கிக் குடுக்க நீங்க யாரு?"

"நாந்தான் குடுத்தேன். திட்டணும்னா திட்டு."

அவன் திட்டவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டான். ஆனால் திங்கள்கிழமை காலை ருஸைஃபாவுக்குப் போய் முத்லக்கைத் தூக்கிக் காரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். புதன்கிழமையும் போனான். அக்கா பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்று நடையிலேயே வைத்திருந்தாள். நடந்தவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை முத்லக் போன் செய்தான். "வண்டிய எடுத்துட்டு வா. உங்கப்பாவும் வரட்டும்." அன்று ஆஸ்பத்திரி நாள் இல்லை. என்னவோ ஏதோ என்று மூவரும் ஓடினோம்.

முத்லக் இரண்டு கக்கத்திலும் கட்டையோடு வாசலில் நின்றான். எங்களைப் பார்த்ததும் கட்டைகளைச் சுவரில் சாய்த்தான். உள்ளேயிருந்து அபூ முத்லக் "டேய், டேய்!" என்று கத்திக்கொண்டு வருவதற்குள் உடைந்த காலைக் கீழே ஊன்றிவிட்டான். ஒரு அடி. இன்னொரு அடி. வேர்வை கொட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டான். காரின் முன்பக்கத்தைத் தொட ஆறு அடி ஆயிற்று. தொட்டதும் அதன்மேல் அப்படியே சாய்ந்துவிட்டான்.

"நடந்துட்டேன். எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"டாக்டர் கால ஊனவே கூடாதுன்னாரேடா!" என்று உபைதா அவனைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டரா பிளேன் ஏறப் போறாரு? நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வண்டி ஓட்டற, உன் பக்கத்துல உக்காரவே முடியல. போய்த் தொலை. போனதும் அங்க பூச்சு வேலைக்கு ஆள் வேணுமான்னு கேளு. மறந்தே, நொண்டிக்கிட்டே வந்து ஒதைப்பேன்."

அபூ முத்லக் தலையில் அடித்துக்கொண்டார். மகனைத் திட்டினார், எங்களைத் திட்டினார், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்னது சொன்னதுதான். நடந்துட்டான். கூட்டிட்டுப் போங்க," என்றார்.

அன்று மாலை உபைதா போய்விட்டான். விமான நிலையத்தில் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது என்னவோ நாலு வார்த்தைதான். ஆனால் கட்டிப்பிடித்தவன் கையை எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள்தான் அவனை நகர்த்தினார்கள்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி நாள். முத்லக்கின் வீட்டு வாசலில் மிக்தாத் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். காலை நேரத்து மினிபஸ்ஸை வேறொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். நானும் கூட இருந்தேன். அபூ முத்லக் கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே. உங்க பையன் போயிட்டானே?"

"பையந்தானே போனான் அபூ முத்லக். நான் எங்க போகப் போறேன்? சீக்கிரம் அவனைக் கூட்டிட்டு வாங்க, ரோட்டுல கூட்டம் ஆயிடும்."