ஏழாம் எண் பல்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். கூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு பேராசிரியர், நான். அவரும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஸ்கேனரைத் திட்டிக்கொண்டிருப்பேன். புகைப்பட ஸ்லைடுக்கென்று செய்த கருவி அது. பல்லை மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, அதில் செருகினால் கணினித் திரையில் பல்லின் உள்ளமைப்பு ஊர்ந்து ஊர்ந்து வரும்.

பற்களுக்கு எண் மட்டும்தான், பெயர் எழுதக் கூடாது என்பது சாரின் சட்டம். ஆள் தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம். அந்த வருஷம் எனக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். சும்மா எறிவானேன் என்று அதையும் அறுத்து, ஏழாம் எண் போட்டு வைத்தேன்.

திரையில் ஏழாம் எண்ணைப் பார்த்த சார், எனாமலில் ஒரு கருங்கோட்டைக் காட்டினார். தேய்த்தபோது விழுந்த கீறல் என்றேன்.

"கீறல்னா நேராப் போகும்மா. இது பல்லோட வளைவிலேயே போகுது, வளர்றப்போ விழுந்தது. இந்த ஆளுக்குப் பத்து வயசு வாக்குல பலத்த காய்ச்சல் வந்திருக்கணும்."

பத்து வயதில் தேவகோட்டையில் கன்னியர் நடத்திய விடுதியில் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தேன். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும் அம்மா வரவில்லை. வீட்டுக்கு ஓடிவர நான் கட்டிய கதை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஒரு தடவை என்னை நம்பினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

படத்தை அச்செடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காளையார்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். பூசை முடிந்து வந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"இது என் பல்லு. இந்தக் கோடுதான் அந்தக் காய்ச்சல். இப்பவாச்சும் நம்புறியா?"

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பவே தெரியும்டி. சிஸ்டரம்மா ஆள் விட்டுச் சொன்னாக. வந்து பாத்தா ஒன்னையக் கூட்டிட்டு வந்துருவேன், படிப்பு நின்னுபோகும். அதான் வரல. கதைன்னு சொல்லிச் சொல்லித்தான் நானும் மனசத் தேத்திக்கிட்டேன்."

நம்பாததால்தான் வரவில்லை என்று நானும் இருபது வருஷமாக என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்தே வரவில்லை என்றால் இனி எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வது? காபிகூடக் குடிக்காமல் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.