மூன்று டக்கு வைத்த பட்டுப் பாவாடை

அந்தக் கத்தரிப்பூ நிறப் பட்டைத் தி.நகரில் தேர்ந்தெடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பெரியவள் இன்றோ நாளையோ வயதுக்கு வந்துவிடுவாள் என்று அம்மா முன்கூட்டியே வாங்கி, எங்கள் சைதாப்பேட்டை வீட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

முந்திக்கொண்டது தங்கை. பதினொரு வயதிலேயே நெடுநெடுவென்று நின்றாள். நான் அவள் காதுக்குத்தான் வருவேன். அவளுக்குச் சிறுத்துப்போன யூனிஃபார்மைத்தான் நான் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் மட்டும் துணிமணி தங்கையிடமிருந்து அக்காவுக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வயதுக்கு வந்தாள். பீரோ திறந்தது. என் பட்டு டெய்லர் கடைக்குப் போயிற்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூடப் போய், டெய்லரிடம் அம்மா சொன்னதையும் காதால் கேட்டேன்.

"பொண்ணு வளந்துகினே கீதுப்பா. மூணு டக்கு வச்சி தை."

உள்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டு, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அதுதான் டக்கு.

சடங்கன்று தெருமுனையில் தங்கை படம் போட்ட பேனர். நலங்கு வைத்த கையோடு வந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"பெரியவ இன்னும் ஆவலியா? இன்னாம்மா, எங்கியாவது காட்னியா?"

உடம்பில் ஏதோ கோளாறு என்றே நம்பிவிட்டேன். சாம்பார் வாளியோடு பந்தியில் சுற்றிக்கொண்டே அழுதேன். கேட்டவர்களிடம் காரம் என்றேன்.

மறுவாரம் அம்மா என்னை மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். தங்கை கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முதல்ல மளமளன்னு உயரம் ஏறும்மா. அப்புறம்தான் இது வரும். வந்தப்புறம் வளர்த்தி மெல்ல மெல்ல நின்னுடும். சின்னவ ஏறி முடிக்கப்போறா. இவ இன்னும் ஏறவே ஆரம்பிக்கல. பயப்படாதீங்க."

வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அப்போ அந்த மூணு டக்கு?"

தங்கைக்கு ஒன்றைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. நானோ அடுத்த வருடமே கிடுகிடுவென்று வளரத் தொடங்கி அவளைத் தாண்டினேன். பஸ்ஸில் மேல்கம்பி கைக்கு எட்டிய அன்று ஊரையே வாங்கிவிட்டதுபோல் இருந்தது. பதினைந்து முடிய ஒரு மாதம் இருக்கையில் வயதுக்கு வந்தேன். புதுப்பட்டு எடுக்கலாம் என்றாள் அம்மா. எனக்கு அதே பட்டுதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன்.

மீதி இரண்டு டக்கையும் தங்கைதான் மடியில் போட்டு பிளேடால் பிரித்தாள். "எப்பவும் இது உன்னுதுதான்க்கா, கட்டிக்கோ," என்றாள்.

கல்யாணம், காதுகுத்து என்று அவள் கட்டிக் கட்டிப் பாவாடை வெளுத்திருந்தது. மடிப்புக்குள் மட்டும், கடையில் நான் கைவைத்த அன்றிருந்த அதே கத்தரிப்பூ நிறம். அந்த இடத்தை அவள் ஒருநாளும் உடுத்தியதில்லை.