மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பாடம்

எங்கள் வீட்டுக்கும் சுகிர்தா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகள் எல்லாம் அப்படித்தான். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறவள். சிறுவாபுரி முருகனைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வேளைதான் சாப்பிடுவேன். அவர்கள் கிறிஸ்தவர்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு. ஆனாலும் செவ்வாய்க்கிழமையில் அந்தச் சுவரைத் தாண்டி மீன் வாசனை வந்ததே இல்லை. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு நாள் அவளுடைய கடைசிப் பெண் பெனிட்டா வந்து நின்றாள்.

"பெரிம்மா, அப்பா வஞ்சிரம் வாங்கினு வந்திருக்குது. அம்மா நாளைக்கித்தான் வறுக்குமாம். இன்னிக்கி செவ்வாகெழமயாம். ஒங்களுக்கு வாசன வரக்கூடாதாம்."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. போய்க் கேட்டேன். "அது கெடக்குதுக்கா. ஒரு நாள் மீன் திங்கலன்னா செத்தா போயிடுவோம்?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுகிர்தாவைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். திமிர் இருந்தது உண்மைதான். அது யாரிடம், எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

அவளுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவள் ஜெனிபர், அப்போது ஏழாவது முடிக்கப் போகிறாள். நடுவில் சின்னதுரை, பத்து வயது. கடைசியில் பெனிட்டா, பல் விழுந்து முளைக்கிற வயது. மூவரும் மெயின் ரோட்டில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னதுரைக்கு எழுத்து நேராக வராது. வலமும் இடமும் மாறிப்போகும். ஆனால் கேள்வி மட்டும் நேராக வரும். மழை பெய்தால் மாடிச் சுவரில் ஏன் கறுப்பாக வழிகிறது, இரும்பு உருகும்போது ஏன் சிவக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பள்ளிக்கூடத்தில் அவனை இரண்டு வகுப்பு கீழே இறக்கி உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார்கள். அதை அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் நான் கேன்டீன் வேலை முடிந்து வருகிறேன். மூன்று பையையும் தானே தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் முன்னால் நடக்கவிட்டு சுகிர்தா வருகிறாள்.

"இன்னாடி, லீவு வுட்டுட்டாங்களா?"

"லீவு இல்லக்கா. நின்னாச்சி."

"ஒருத்தனுக்காக மூணு பேரையுமா நிறுத்துவ?"

"அவன அசிங்கப்படுத்தற எடத்துல இதுங்க ரெண்டும் மட்டும் இன்னாத்த கத்துக்கப் போவுதுங்க? நானே சொல்லித் தரேன்."

நான் ஐந்தாவது வரை படித்தவள். படிப்பு என்றால் பள்ளிக்கூடம் என்றுதான் எனக்குத் தெரியும். சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள்தான், தமிழும் கணக்கும் சொல்லித்தர முடியும். ஆனால் அறிவியல்? அதற்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வேண்டாமா? எல்லோரும் அந்த இடத்தில்தான் அவளை மடக்கினார்கள்.

முதலில் மடக்க வந்தவர் பாக்கியராஜ். அவளுடைய வீட்டுக்காரர் அந்தோணிக்கு அண்ணன். வள்ளூர் மின்நிலையத்தில் நிரந்தர வேலை. ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிற தம்பிக்கு அண்ணன் சொல்தான் வேதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலில் ஆராதனை முடிந்து, வழவழவென்று அச்சடித்த விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு கம்பெனி விற்கிற அறிவியல் பெட்டி அது. வகுப்புக்கு ஒரு பெட்டி. காந்தம், பல்பு, கண்ணாடிக் குழாய் எல்லாம் உள்ளே இருக்கும். புத்தகம் கலர் கலராக, இங்கிலீஷில்.

"மூணு பேருக்கு மூணு பெட்டி. நானே வாங்கித் தரேன். இல்லாங்காட்டி ஒழுங்கா ஸ்கூல்ல கொண்டுபோய் வுடு. ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

"ரெண்டும் வேணாம் மாமா."

"ஏன்?"

"மூணு பெட்டின்னா மூணு பாடம். ஒரே நேரத்துல மூணு பாடம் நடத்த எனக்கு மூணு வாய் இல்ல. கவர்மெண்டு புக்கு வெச்சிக்கப்போறேன்."

"அதுவும் வகுப்புக்கு ஒண்ணுதானே? அதுல மட்டும் ஒரே பாடமா இருக்குது?"

"அத நான் ஒண்ணா சேத்துக்குவேன்."

பாக்கியராஜ் தம்பியைப் பார்த்துத் திரும்பினார். "இன்னா அந்தோணி இது பேஜாரு! சரி, ஒண்ணு பண்ணலாம். ஜெனிபரு எட்டாவது தனித்தேர்வு எழுதட்டும். சயின்ஸ்ல போச்சின்னா, மூணும் ஸ்கூலுக்குப் போவணும். சின்னதுரை ரெண்டு கிளாசு கீழ ஒக்காந்தாலும் சரி. இன்னா சொல்ற?"

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டே, "சரிண்ணா" என்றார்.

சுகிர்தா வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "சரின்னு சொன்னது நீ. பாஸ் பண்ண வெக்கிறது நானு. ஞாபகம் வெச்சிக்க."

எப்படிச் சேர்க்கப் போகிறாள் என்று எனக்கும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். மே மாதம் அவர்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி நடக்கும். சுகிர்தா அதில் வருஷா வருஷம் டீச்சர். ஒரே பந்தலில் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கும், மீசை முளைத்த பையனும் இருப்பான். எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே கதைதான். சிறுசுகள் படத்துக்கு வண்ணம் தீட்டும். நடுவில் இருக்கிற பிள்ளைகள் வசனம் மனப்பாடம் செய்து நடித்துக் காட்டும். பெரிய பிள்ளைகள் அந்தக் கதைக்கு அர்த்தம் சொல்வார்கள். "சாமிய பத்தியே அப்டி சொல்லித் தரோம், சயின்ஸ சொல்லித் தர முடியாதா?" என்றாள்.

புத்தகங்களைப் பரப்பி வைத்து, எல்லா வகுப்பிலும் எது வருகிறது என்று பார்த்தாள். காற்று எல்லாவற்றிலும் வந்தது. அதில் தொடங்கினாள். இரண்டு வெள்ளைத் தட்டில் தேங்காய் எண்ணெய் தடவி, ஒன்றை மாடியிலும் ஒன்றைச் சாமி அலமாரிக்குப் பக்கத்திலும் வைத்தாள். மில் பக்கமிருந்து காற்று அடித்த மறுநாள் மாடித் தட்டு சாம்பல் பூசியது மாதிரி இருந்தது. பெனிட்டா இரண்டு தட்டையும் படம் வரைந்தாள். சின்னதுரை கறுப்பை விரலால் தொட்டு, காந்தத்தை வைத்து, அதில் எது ஒட்டுகிறது என்று பார்த்தான். ஜெனிபர் தன் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து அமில மழையைப் பற்றித் தம்பி தங்கைக்குச் சொன்னாள்.

தண்ணீர் லாரி அருகில் எங்கள் தெருக் கெங்கம்மாள் கேட்டாள். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டாள்.

"இன்னாடி சுகிர்தா, தட்டுல எண்ண தடவி மாடில வெச்சிக்கிற? கரிய வறுத்துத் திங்கவா?"

"நீ தெனம் மூக்கால திங்கறத, கண்ணால காட்டலாம்னுதான் கெங்கம்மா."

வரிசையே சிரித்தது. கெங்கம்மாளும் சிரித்துவிட்டாள்.

காற்று முடிந்து தண்ணீர், தண்ணீர் முடிந்து செடி, அப்புறம் தயிரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மத்தியானம் நான் படுத்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிற மூன்று குரலும் மாறி மாறிக் கேட்கும். சின்னதுரையை வாயை மூடு என்று யாரும் அதட்டவில்லை. எழுத வேண்டியதை அவன் சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். அப்புறம் அதைப் பார்த்து அவன் எழுதுவான். கேட்கவே நன்றாக இருந்தது. ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குப் பாக்கியராஜ் வந்தார். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே ஜெனிபரைக் கூப்பிட்டு நிறுத்தினார். நானும் முறுக்குத் தட்டோடு அங்கேதான் இருந்தேன்.

"அழுத்தத்துக்கு பார்முலா சொல்லு கண்ணு."

ஜெனிபர் அம்மாவைப் பார்த்தாள். "அத இன்னும் எடுக்கல பெரியப்பா."

"சரி, அணு அமைப்பு?"

"அதுவும் எடுக்கல."

"அப்ப இத்தினி மாசமா இன்னாதான் எடுத்தீங்க?"

"காத்து, தண்ணி, செடி, தயிரு..."

பாக்கியராஜ் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். "ஏம்மா சுகிர்தா, இது பாப்பா படிக்கிற பாடம்மா. சின்னத பெரிசாக்குவன்னு பாத்தா, பெரியத சின்னதாக்கி வெச்சிக்கிற. பரீட்சைக்கு இன்னும் எத்தினி மாசம் இருக்குது? வம்பு பண்ணாம இப்பவே சேத்துடு."

அந்தோணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகிர்தா கையைக் காட்டி நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"நீங்க சொன்னது கரெக்ட் மாமா. தப்பு எங்க இருக்குதுன்னு காட்டிட்டீங்க, அதுக்கு தேங்க்ஸ். ஆனா வழி தப்பு இல்ல. ஆரம்பிச்ச முனைதான் தப்பு. பரீட்ச வரைக்கும் பேசனது பேசனதுதான். அதுக்கு முன்னாடி என் புள்ளைங்க மேல யாரும் கை வெக்கக்கூடாது."

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். வேதப் பள்ளியில் எந்தக் கதையை எடுப்பார்கள்? பந்தலில் இருக்கிற மிகச் சின்னக் குழந்தைக்கு எது புரியுமோ அதை. பேழைக் கதை, மீன் கதை, சிங்கக் குகைக் கதை என்று எடுப்பார்கள். பைபிளில் லேவியராகமம் என்று ஒரு பகுதி இருக்கிறதாம், முழுக்கச் சட்டமும் பலி முறையும். அதை எந்த டீச்சரும் எடுக்க மாட்டார்களாம். அந்தப் பழக்கத்தில் இவளும் பெனிட்டா உட்காரக்கூடிய பாடமாகவே பொறுக்கியிருக்கிறாள். பெரியவளுடைய புத்தகத்தில் கடினமானதெல்லாம் தொடாமலே கிடந்தது.

"வேதப் பள்ளியில பரீட்ச கெடையாதுக்கா. எல்லாத்துக்கும் பரிசு குடுத்து அனுப்பிடுவோம். அதான் எனக்கு ஒறைக்கல."

"இப்ப இன்னாடி பண்ணுவ? அந்தப் பெட்டிய வாங்கிடேன்."

"மாட்டேன். ஒரே பாடம்தான். இனிமே லேவியராகமத்துலேந்து ஆரம்பிக்கிறேன்."

அப்படியே செய்தாள். அன்றிலிருந்து பாடத்தை ஜெனிபரின் புத்தகத்திலிருந்துதான் எடுத்தாள், அதிலும் கடினமானதை முதலில். சின்னவர்களுக்கு அதில் என்ன பங்கு தரலாம் என்று அதற்கப்புறம்தான் தேடுவாள். அழுத்தம் நடந்த வாரம் எங்கள் வீட்டு வாசல் சேற்றில் செங்கல்லாக இருந்தது. பெனிட்டா ஒரே செங்கல்லைப் படுக்க வைத்தாள், நிற்க வைத்தாள், எது ஆழமாகப் பதிகிறது என்று கத்தினாள். சின்னதுரை ஒரே கனத்தைக் கயிறு வைத்த பையிலும் அகலப் பட்டி வைத்த பையிலும் போட்டுத் தோளில் தூக்கிப் பார்த்து, எது வலிக்கிறது என்று என் தோளிலும் மாட்டிப் பார்த்தான். ஜெனிபர் உட்கார்ந்து விசையைப் பரப்பால் வகுத்துக் கணக்குப் போட்டாள். அணு வந்தபோது கற்கண்டை உடைத்து உடைத்துப் பெனிட்டா தின்றே தீர்த்தாள். "இதுக்கு மேல ஒடைக்க முடியாதும்மா, வாயில போயிடுச்சி" என்றாள். சின்னவர்கள் விளையாடப் போன பிறகு ஜெனிபருக்கு மட்டும் தனியாக எழுத்து வேலை இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு டிவியை நான் போடுவதில்லை.

தேர்வு திருவள்ளூரில். அம்மாவும் பெண்ணும் பஸ் ஏறிப் போனார்கள். நான் முருகனுக்கு விளக்கேற்றினேன். அவர்கள் சாமியிடம் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், என் சாமியிடம் நான் கேட்டேன்.

முடிவு வந்தது. அறிவியலில் தேறிவிட்டாள். பாக்கியராஜ் போன் போட்டார். அந்தோணி ஸ்பீக்கரில் வைத்தார்.

"பாஸ்தானா? மார்க்கு பெரிசா ஒண்ணும் இல்லியே."

சுகிர்தா குனிந்து போனுக்குள் சொன்னாள்: "நீங்க கேட்டது பாஸு. மார்க்கு கேக்கல மாமா."

"ஒங்கிட்ட பேச முடியாதும்மா. பொண்ணுக்கிட்ட குடு, வாழ்த்து சொல்றேன்" என்றார் பாக்கியராஜ். சின்னதுரை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் கீழ்க் கிளாசுக்குப் போவ வேணாம்ல?" என்று கேட்டான். அவள் அவன் தலையைத் தன்னோடு அழுத்திக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளியில் சேர்கிறேன் என்று ஜெனிபர் தானாகவே கேட்டாள். சுகிர்தா மறுக்கவில்லை. "அப்ப தோத்துட்டன்னு ஒத்துக்கிற?" என்று கெங்கம்மாள் சீண்டினாள். "அது கேட்டுச்சி, அனுப்பறேன். புள்ளைங்கள அனுப்புன்னு நீங்கல்லாம் கேட்டீங்க, அனுப்பல. அவ்ளோதான்" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வருஷமே மில்லில் ஷிப்டைக் குறைத்தார்கள். அந்தோணிக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. ஒரு காலை வேளையில் குட்டி யானை வண்டியில் சாமானை ஏற்றினார்கள். ஜெனிபரும் அப்பாவும் கட்டிலைத் தூக்கினார்கள். புத்தகங்கள் அரிசிக் கோணியில் இருந்தன. அந்தக் கோணியை மட்டும் சுகிர்தா யாரையும் தூக்கவிடவில்லை. பெனிட்டாவை முன் சீட்டில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"அங்கியும் இந்த ரெண்டுக்கும் ஊட்லதான் பாடமாடி? புது ஊரு. பக்கத்துல எப்டிப்பட்ட ஜனமோ. வாய்க்கு வந்தபடி கேப்பாங்களே."

"கேக்கட்டும்க்கா" என்றாள் சுகிர்தா. "ரொம்ப கேட்டா அவங்களையும் இதுங்களோட பாய்ல ஒக்கார வெச்சிடுவேன்."