வெங்காய விலையும் சங்கீதாவின் பாலும்

1. வெங்காய விலை ஏறியது.
2. வெங்காயம் விளைவித்த வீட்டில் வெங்காயம் சமைப்பது நின்றது.
3. அம்மா அந்த வீட்டுக்குச் சாம்பார் கொடுத்தனுப்பினாள்.
4. அந்த வீட்டுச் சிறுமிக்குக் குடிக்கப் பால் கிடைப்பது நின்றது.

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயை அடுத்த சாகணில், கதவைத் திறந்தாலே கண்ணைக் கரிக்கும் வெங்காய நெடிக்கு நடுவே வளர்ந்த எனக்கு, இந்த வரிசை இன்றும் எரிச்சலூட்டுகிறது. அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலை வேலை. ஒரு விவசாயி வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருந்தோம். மராத்தி வழக்கில் வீட்டுக்காரர் எனக்குக் "காகா" (சித்தப்பா), அவர் மனைவி "மாவ்ஷி" (சித்தி). அவர்கள் மகள் சங்கீதா என் வகுப்பு; காலைப் பிரார்த்தனையில் அடிக்கடி மயங்கி விழுவாள். ரத்தம் போதவில்லை, பருப்பும் பாலும் கொடுங்கள் என்றார் டாக்டர்.

கறந்த பால் பால்பண்ணைக்குப் போய்விடும். மகளுக்கென்று மாவ்ஷி ஒரு டம்ளர் மட்டும் நிறுத்திவைப்பாள். பருப்பு வாங்க வேண்டுமானால், "சாள்" என்கிற காற்றோட்டமான கொட்டகையில் குவித்திருந்த வெங்காயத்தை விற்றாக வேண்டும். காகாவோ, விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார். அதுவரை "பாக்ரி" என்கிற கம்பு ரொட்டியும் மிளகாய்த் துவையலும்தான்.

"கொட்டகை நிறைய வெங்காயம், தட்டுல ஒண்ணக் காணோம்!" என்று அம்மா பொருமுவாள்.

அம்மாவை "வைனி", அதாவது அண்ணி, என்று அழைக்கும் காகா சிரிப்பார்: "வைனி, இந்த விலையில வெங்காயம் திங்கறது உங்கள மாதிரி சம்பளக்காரங்களுக்குத்தான் கட்டும்."

அம்மா பொறுக்காமல், சங்கீதாவுக்கென்று தினமும் ஒரு சின்ன டப்பாவில் கெட்டிச் சாம்பார் அனுப்பினாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது அங்கே வழக்கமில்லை, எங்களிடமும் இல்லை. மலிவான நாட்களில் டப்பா வெங்காயத்தோடு திரும்பும். இப்போது பாலோடு திரும்பியது. அம்மா அதை உறையூற்றினாள்; தயிரை நான்தான் சாப்பிட்டேன்.

ஒருநாள் சங்கீதா சொன்னாள்: "உங்க சாம்பார் பரவாயில்லடீ. ஆனா அது வர ஆரம்பிச்சதுலேருந்து எனக்குப் பால் கிடையாது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு மாவ்ஷியிடம் ஓடினாள். "தாயி, பிள்ளைக்கு வெச்ச பாலையா குடுத்துவிட்டீங்க?"

"வெறும் டப்பாவ எப்படிக் குடுக்கறது வைனி? நாங்க என்ன பிச்சையா வாங்கறோம்?"

அதன்பின் டப்பா போகவில்லை; வீட்டுப்பாடம் எழுத வா என்று சங்கீதாவை அழைத்து, என் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள் அம்மா. சில வாரங்களில் விலை சரிந்தது. அதற்குள் பாதி வெங்காயம் முளைத்திருந்தது. விற்காததை அவர்கள் வேளைதோறும் தின்று தீர்த்தார்கள். பருப்பு அப்போதும் வரவில்லை.

அந்தக் கொட்டகையும் நிலமும் இன்று இல்லை. அங்கே வாகன உதிரிபாகக் கிடங்கு நிற்கிறது. சங்கீதா ரஞ்சன்காவ் பக்கம் வெங்காயம் பயிரிடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இந்த வருடம் நல்ல விலை. அவள் வீட்டில் இன்னும் விற்கவில்லை. ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.